அகல டயரும் உரசும் மட்கார்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

காரின் பின்பக்கம் அகல டயர் மாட்டிவிட்டு உரசல் சத்தத்தோடு எழுதியவர்களுக்கு இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஊரை மட்டும் குறிப்பிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

என்னிடம் இருப்பது 2013 ஸ்விஃப்ட், டீசல் டாப் மாடல். கம்பெனி டயர் 185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கவாட்டின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்). இப்போது 7ஜே அகலம், இ.டி. 35 அலாய் வாங்கி 195/60 ஆர்15 மாட்டியிருக்கிறேன். தனியாகப் போனால் சத்தமே இல்லை. பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் வேகத்தடையில் 'சர்ர்ர்' என்கிறது. டயர் 10 மி.மீ. தானே கூடுதல்? டின்கரிங் பட்டறையில் மட்கார்டை வெட்டச் சொல்கிறார்கள். வெட்டலாமா? (ஈரோடு)

வெட்டாதீர்கள். முதலில் கணக்குப் போடுங்கள். உங்களுக்கு வினை வந்தது டயரால் இல்லை, ரிம்மால்.

பழைய ரிம்மைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஆரக்கால் ஒன்றில் அகலமும் இ.டி. எண்ணும் பொறித்திருக்கும். 'ஜே'-க்கு முன்னால் இருப்பது ரிம்மின் அகலம், அங்குலத்தில். இ.டி. என்பது வண்டியில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்பது; அந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளும். அது 5.5ஜே, இ.டி. 45 என்று வைத்துக்கொள்வோம். 5.5 அங்குலம் என்றால் 139.7 மி.மீ.; 7 அங்குலம் 177.8 மி.மீ. வித்தியாசம் 38. அதில் பாதி, 19 மி.மீ., வெளிப்பக்கம் போகும். இ.டி. 45-லிருந்து 35-க்கு இறங்கினால் இன்னொரு 10 மி.மீ. வெளியே தள்ளும். ஆக ரிம் விளிம்பு 29 மி.மீ. வெளியே வந்துவிட்டது. உள்பக்கம் கூடியது 9 மி.மீ. மட்டும்.

டயரின் கதை சற்று வேறு. 195/60 ஆர்15 டயரின் அகலத்தை அளப்பது 6ஜே ரிம்மில். ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் சுமார் 5 மி.மீ. விரியும். 7ஜே ரிம்மில் உங்கள் டயர் ஏறக்குறைய 205 மி.மீ. இருக்கும். பழையதைவிட 20 மி.மீ. அதிகம், அதில் பாதி 10, இ.டி. தள்ளிய 10. டயரின் பக்கவாட்டு 20 மி.மீ. வெளியே நிற்கிறது. உயரம் 621-லிருந்து 615 மி.மீ. ஆகக் குறைந்திருப்பதால் உயரத்தால் உரசவில்லை.

மட்கார்டு விளிம்பை உள்ளே மடக்கினால் கிடைப்பது பெரும்பாலும் 10 மி.மீ. சுற்று. 20 போன இடத்தில் 10 வந்தால் பாதி உரசல் மிச்சம். அதனால் எங்கள் யோசனை: இந்த அலாயை விற்றுவிட்டு 6ஜே, இ.டி. 45 பாருங்கள். அதே 195/60 டயர் அதில் 5 மி.மீ. மட்டுமே வெளியே வரும். மட்கார்டைத் தொடவே வேண்டியிருக்காது. வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிக்கும் செலவையும், மறுவிற்பனையில் விழும் அடியையும் சேர்த்துப் பார்த்தால் ரிம் மாற்றுவதுதான் மலிவு.

இல்லை, இதே ரிம்தான் வேண்டும் என்றால், எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பல கார்களில் முதலில் உரசுவது இரும்பு விளிம்பு அல்ல. பின் பம்பரும் மட்கார்டும் சேரும் இடத்தில் இருக்கும் ஸ்க்ரூவும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நாக்கும்தான். டயரின் தோள்பட்டையில் மெல்லிய கோடு மாதிரி வெட்டு இருந்தால் விளிம்பு. அகலமாகப் பளபளவென்று தேய்ந்திருந்தால் உள் லைனர், அதாவது சக்கரக் குழிக்குள் இருக்கும் மறைப்பு.

வண்டி நிற்கும்போது விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. அது போதுமா? எப்படி அளப்பது? (திருப்பூர்)

நிற்கும் வண்டியை அளந்து பயனில்லை. சக்கரம் முழுக்க மேலே ஏறிய நிலையில்தான் அளக்க வேண்டும். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்கு உத்தரம்) உள்ள ஹேட்ச்பேக்குகள் பலவற்றில் சுருள் ஸ்பிரிங் தனியாக, ஷாக் அப்சார்பர் தனியாக இருக்கும். அதனால் வேலை சுலபம். பாடியை ஜாக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்து, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பீமை இறக்கி, ஸ்பிரிங்கை எடுத்துவிடுங்கள். சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இருக்கட்டும். ஷாக்கை மறுபடி மாட்டி, சக்கரத்தையும் மாட்டி, பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ரப்பர் நசுங்கும்வரை ஏற்றுங்கள். இரண்டு பக்கமும் ஒருசேர ஒருமுறை. ஒரு பக்கம் மட்டும் ஏற்றி ஒருமுறை. அந்த நிலையில் விளிம்புக்கும் டயருக்கும் 8 முதல் 10 மி.மீ. வேண்டும். வளைவில் டயர் பக்கவாட்டில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அதற்கான இடம் அது.

ஸ்பிரிங் கழற்ற வசதியில்லை என்றால், குழந்தைகள் விளையாடும் களிமண்ணை 15 மி.மீ. தடிமனில் விளிம்பின் உள்பக்கம் நான்கைந்து இடத்தில் ஒட்டுங்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று. தெரிந்த வேகத்தடையில் நாலு தடவை ஏறி இறங்கி வந்து பாருங்கள். களிமண் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவுதான் உங்கள் இடைவெளி.

விளிம்பை மடக்கும்போது பெயின்ட் வெடிக்காமல் இருக்க எவ்வளவு சூடு வேண்டும்? படிப்படியாகச் சொல்லுங்கள். (சேலம்)

60 முதல் 70 டிகிரி. கையை வைத்தால் இரண்டு விநாடிக்கு மேல் தாங்காது, அந்தச் சூடு. நூறை நெருங்கினால் பெயின்ட் இளகும், பம்பர் முனை சுருங்கும். ஹீட் கன்னின் முகப்பில் உள்ள எண்ணை நம்பாமல், தகட்டின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள்.

மடக்கும் கருவி ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில், மாட்டி ஊஞ்சல் மாதிரி ஆடுவது. கைப்பிடியை ஆட்டினால் ஹப்பும் சேர்ந்து திரும்பும். அதனால் பின்சக்கர வேலைக்கு ஹேண்ட்பிரேக்கை விடுவிக்க வேண்டும். விடுவிக்கும் முன் முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, முன்சக்கர டிரைவ் வண்டி என்றால் கியரிலும் போட்டு, பாடி ஜாக்கி ஸ்டாண்டில். ஜாக்கியை மட்டும் நம்பி இந்த வேலை செய்யக் கூடாது.

லைனரையும், பம்பர் முனை ஸ்க்ரூவையும் எடுங்கள். விளிம்பின் உள்பக்கச் சேற்றைக் கழுவிக் காயவிடுங்கள். மணல் துணுக்கு ஒன்று உருளைக்கு அடியில் மாட்டினால் தகட்டில் குழி விழும். ஹீட் கன்னை 10–15 செ.மீ. தள்ளிப் பிடித்து ஒரு அடி நீளத்துக்கு அசைத்துக்கொண்டே சூடேற்றுங்கள். உருளை விளிம்பைத் தொட்டும் தொடாத அழுத்தத்தில் முதல் சுற்று. பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் கோணத்தையும் அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டி, நான்கைந்து சுற்றில் முடிப்பது நல்லது. இரண்டே சுற்றில் முடிக்கப் பார்ப்பவர்களின் மட்கார்டில்தான் வெளிப்பக்கம் அலை அலையாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் மறுபடி சூடு காட்ட வேண்டும்; தகடு சீக்கிரம் ஆறிவிடும்.

விளிம்பு முழுக்கப் படிய வேண்டும் என்று கட்டாயமில்லை. 45 டிகிரியில் தேவையான இடம் கிடைத்துவிட்டால் நிறுத்திவிடலாம். உள்ளே படியும்போது பழைய சீலன்ட் கட்டாயம் கீறும். அதைச் சுரண்டியெடுத்து, பிரைமர் தொட்டு, பாலியூரித்தேன் சீலன்டைப் புதிதாகப் பூசுங்கள். இதை விட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கம் ஏற்கெனவே இடிபட்டுப் பட்டி பார்த்த வண்டி என்றால் எந்தச் சூட்டிலும் வெடிக்கும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி விளிம்பு நெடுக ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடம் பட்டி.

கருவி இல்லாமல், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரும்புக் குழாயைச் செருகி வண்டியை மெல்ல உருட்டினால் மடங்கும் என்கிறார்களே? (நாமக்கல்)

மடங்கும். எங்கே, எவ்வளவு என்பது குழாயின் இஷ்டம். குழாய் நழுவினால் டயரின் பக்கவாட்டு கிழியும், பிடித்திருப்பவர் கையும் போகும். வேண்டாம்.

டிராக்கில் மட்டும் ஓட்ட ஒரு பழைய ஹேட்ச்பேக்கைத் தயார் செய்கிறோம். பின்பக்கம் 40 மி.மீ. இடம் வேண்டும். மட்கார்டை எப்படி வெட்டி வெல்டிங் செய்வது? (கோவை)

40 மி.மீ. மடக்கிக் கிடைக்காது, வெட்டித்தான் ஆக வேண்டும். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது. கெட்டுப்போனால் வேறு வாங்கலாம். பின்பக்கம் அப்படியில்லை. வெளித்தகடும் உள் சக்கரக் குழித் தகடும் அந்த விளிம்பில்தான் ஸ்பாட் வெல்டிங்கால் ஒன்றாகப் பிடித்திருக்கின்றன. விளிம்பை வெட்டியெறிந்த நொடியில் இரண்டு தகடும் தனித்தனி. ஷாக்கின் மேல் முனை அந்த உள்தகட்டுப் பக்கம்தான் வலு தேடுகிறது. மறுபடி சேர்க்காமல் பட்டி பூசி மறைத்தால், பாடி நெளியும், பட்டி வெடிக்கும், இடைவெளியில் தண்ணீர் நிற்கும்.

முன்னேற்பாடு: பின்சீட், பக்கவாட்டு டிரிம், பெல்ட், அந்தப் பக்க ஒயரிங், பம்பர் எல்லாம் வெளியே. பேட்டரியின் இரண்டு முனையும் கழற்றி, ஈ.சி.யு. (எஞ்சின் கணினி) சாக்கெட்டையும் உருவிவிடுங்கள். பெட்ரோல் ஊற்றும் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் டாங்கை வடித்து, குழாயைக் கழற்றி, டாங்க் வாயை அடைக்காமல் கிரைண்டரைத் தொடக் கூடாது. உலர் பவுடர் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கோடு போடுவது: ஹப்பின் நடுவில் ஒரு பட்டைக் கம்பியைப் போல்ட்டில் மாட்டி, மறுமுனையில் துளையிட்டு மார்க்கரைச் செருகுங்கள். சக்கரம் ஓட்டத்தில் இருக்கும் உயரத்துக்கு ஹப்பை ஏற்றிவைத்துச் சுழற்றினால் மாஸ்கிங் டேப் மேல் சுத்தமான வில் விழும். கண்ணளவில் போட்ட கோடு இடமும் வலமும் ஒத்துப்போகாது.

1 மி.மீ. டிஸ்க்கால் வெளித்தகட்டை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய பட்டையை எடுத்ததும் உள்தகடு தெரியும். அதில் 25–30 மி.மீ.க்கு ஒரு கீறல், சக்கர மையத்தை நோக்கி. இப்போது அது முறுக்குப் பிழியும் அச்சின் பற்கள் மாதிரி நாக்கு நாக்காக நிற்கும். ஒவ்வொரு நாக்கையும் இடுக்கியால் வெளிப்பக்கம் வளைத்து, வெளித்தகட்டின் உள்முகத்தோடு ஒட்டவையுங்கள். நாக்குகளுக்கு இடையில் விழும் 'வி' சந்துகளுக்கு 0.8 மி.மீ. சி.ஆர். (கோல்ட் ரோல்டு) இரும்புத் தகட்டில் துண்டு வெட்டி வைக்க வேண்டும். சந்தை வெறும் சீலன்டால் அடைப்பவர்கள் உண்டு. ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்துவிடும்.

தகடுகள் சேரும் இடத்தில் 20 மி.மீ. அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி, வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாகப் பிரைமர் ஒரு கை. மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் கலந்த வாயு. நெடுக இழுக்கவே கூடாது. முன்முனையில் ஒரு புள்ளி, பின்முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, பிறகு இடைகளில். தொட்டுப் பார்த்து ஆறியிருந்தால் மட்டும் பக்கத்துப் புள்ளி. பாடித் தகடு ஒரு மி.மீ.கூட இருக்காது, சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் பேனல் நடுவில் 'டொப்' என்று குழிந்து, அழுத்தினால் உள்ளே வெளியே போகும். அதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பட்டியில்தான் முடியும்.

தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர், அதன்மேல் சக்கரப் பக்கமும் டிக்கிப் பக்கமும் சீலன்ட், சக்கரப் பக்கம் இரண்டு கை அண்டர்கோட். பட்டி 3 மி.மீ.க்கு மேல் போக வேண்டாம். பெயின்ட் முடிந்த பிறகு இரு தகடுகளின் உள்ளறைக்குள் மெழுகு ஸ்பிரே. போட்டியில் இறங்குவதாக இருந்தால், வெட்டுவதற்கு முன்பே அந்தப் பிரிவின் விதிப் புத்தகத்தில் பாடியை எந்த அளவு மாற்றலாம் என்று பாருங்கள். சில பிரிவுகளில் விளிம்பை மடக்க விடுவார்கள், வெட்ட விடமாட்டார்கள்.

ஃபைபர் ஃப்ளேர் மாட்டினால் வெட்டாமலே அகல டயர் போடலாமா? (சென்னை, திருவான்மியூர்)

ஃப்ளேர் என்பது மட்கார்டு ஓரத்தின் மேல் மாட்டும் அகலப் பட்டை, வெறும் மூடி மட்டும்தான். அடியில் இருக்கும் இரும்பு விளிம்பு அங்கேயேதான் இருக்கும். முதலில் விளிம்பை மடக்கியோ வெட்டிச் சேர்த்தோ இடம் செய்ய வேண்டும், பிறகு ஃப்ளேர்.

வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடியிழைப் பாய் மூன்று அடுக்கு போட்டால் சுமார் 3 மி.மீ. தடிமன் வரும், அதற்குக் குறைந்தது அதிர்விலேயே வெடிக்கும். மாட்டுவதற்கு ரிவெட்டை விட எம்5 ரிவ்நட் (தகட்டுத் துளையில் ரிவெட் மாதிரி பிடித்து, 5 மி.மீ. ஸ்க்ரூவை ஏற்கும் நட்டு) நல்லது, பிறகு கழற்றலாம். 7 மி.மீ. துளை, 100–120 மி.மீ.க்கு ஒன்று. ஃபைபரில் போடும் துளை ஸ்க்ரூவை விட 1 மி.மீ. பெரியதாக இருக்கட்டும், நைலான் வாஷர் வையுங்கள், முறுக்கி இறுக்காதீர்கள். ஸ்க்ரூவைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விழும் கீறல்களுக்கு இறுக்கம்தான் காரணம். உங்களுக்குக் கடற்காற்று வேறு. ஒவ்வொரு துளையின் ஓரத்துக்கும் தூரிகையால் எப்பாக்ஸி பிரைமர் தொட்டு, காய்ந்த பிறகே ரிவ்நட். ஃப்ளேருக்கும் பாடிக்கும் இடையே ரப்பர் பட்டை வைக்காவிட்டால் நடுவில் சேரும் தூசியே பெயின்டை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே ஸ்பேசர் தகடு போட்டு வெளியே தள்ளலாமா? (மதுரை)

டயரை வெளியே தள்ளினால் உரசல் கூடத்தானே செய்யும்! உள்பக்கம் ஷாக்கில் உரசுகிறது என்றால் மட்டும் ஸ்பேசர். அப்போதும் நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். எம்12 ஸ்டட்டுக்கு (நட்டு ஏறும் 12 மி.மீ. போல்ட்) குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும், சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும் மாருதி மரையில் அது பத்துச் சுற்று. குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டக் கூடாது. வெளிச்சந்தை அலாய்களில் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மி.மீ.; ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1. நடுவில் வளையம் போடாமல் மாட்டியிருந்தால் 80 கி.மீ. வேகத்தில் வரும் நடுக்கத்துக்கு பேலன்சிங் செய்து பலனில்லை.

கேம்பர் வைத்து டயரின் மேல்பகுதியை உள்ளே சாய்த்துவிட்டால்? (கரூர்)

ஒரு டிகிரிக்கு உச்சி சுமார் 5 மி.மீ. உள்ளே போகும், அவ்வளவுதான். டார்ஷன் பீம் வண்டியில் அதற்கு அலைன்மென்ட் திருகு கிடையாது. பீமுக்கும் சக்கரத்தைத் தாங்கும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்க வேண்டும். வைத்தால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும், அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்ளோரம் நூல் தெரியத் தேயும். 5 மி.மீ.க்கு இத்தனை பாடு தேவையில்லை.

மாருதி ஜிப்ஸிக்கு 215/75 ஆர்15 போட்டால் பின்பக்கம் வெட்ட வேண்டுமா? (கோத்தகிரி)

கம்பெனி அளவு 205/70 ஆர்15, விட்டம் 668 மி.மீ. நீங்கள் கேட்பது 703. ஆரத்தில் 18 மி.மீ. கூடும். சமதளத்தில் உரசாது, ஒரு சக்கரம் பாறை மேலும் மறுசக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது, மேலேறிய சக்கரத்தின் உச்சி உள்ளே சாயும். முன் இடதும் பின் வலதும் கட்டை மேல் ஏற்றிப் பாருங்கள். தொட்டால், வெட்டுவதற்கு முன் பம்ப் ஸ்டாப்பை 15–20 மி.மீ. இறக்கிப் போடுங்கள். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 105 போய்க்கொண்டிருப்பீர்கள்.

மட்கார்டு மாற்றினால் போலீஸ் பிடிக்குமா? (திருச்சி)

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அடிப்படை அம்சம் மாறும்படி கட்டமைப்பை மாற்றுவதையே 'மாற்றம்' என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

விளிம்பை உள்பக்கம் மடக்குவது வெளியே தெரியாத வேலை. வெட்டி அகலப்படுத்துவது நிச்சயமாகக் கட்டமைப்பில் கை வைப்பது. ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சிக்கலே வேண்டாம் என்றால், உங்கள் மாடலின் டாப் வகையில் கம்பெனியே தரும் டயர், ரிம் அளவோடு நில்லுங்கள். லோட் இண்டெக்ஸ் எண்ணும் குறையக் கூடாது: 88 என்றால் டயருக்கு 560 கிலோ, 84 என்றால் 500. டயர் மாற்றினாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்க இடம் கொடுக்க வேண்டாம்.

மட்கார்டு வேலை முடித்து மூன்று மாதம். மழை பெய்தால் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நிற்கிறது. பட்டறையில் உள்ளே சிலிகான் பூசிக் கொடுத்தார்கள், நிற்கவில்லை. (நாகர்கோவில்)

தண்ணீரை வெளிப்பக்கம் தடுக்க வேண்டும், உள்ளே பூசினால் இரு தகடுகளுக்கு நடுவில் தேங்கும். அந்த சிலிகான் வினிகர் வாசனை அடித்ததா? அடித்தால் அது அமில வகை, இரும்பை அரிக்கும். முழுக்கச் சுரண்டி எடுங்கள்.

டிக்கி மேட், பக்க டிரிம், ஸ்டெப்னி எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துக் காயவைத்து, இணைப்புகள் நெடுக டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு டிக்கிக்குள். இன்னொருவர் வெளியே தோட்டக் குழாயில், பீச்சாமல், வழியவிடும் அளவு தண்ணீர். சக்கரக் குழியின் கீழ்முனையில் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாண் மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து எது ஓட்டை என்று தெரியாது. பவுடரில் கோடு விழும் இடம்தான் நுழைவாயில். வெல்டிங் சந்து இல்லையென்றால் டெயில் லேம்ப் கேஸ்கட், பம்பருக்குப் பின்னால் இருக்கும் காற்றுப் போக்கி மடல், வேலையின்போது கழற்றி மாட்ட மறந்த கிளிப் துளை என்று தேடுங்கள்.

இடம் தெரிந்ததும் சக்கரப் பக்கம் அண்டர்கோட்டைத் தகடு வரை சுரண்டி, துருவை எடுத்து, எப்பாக்ஸி பிரைமர், காய்ந்ததும் பாலியூரித்தேன் சீலன்ட். ஒரு நாள் முழுக்க விடுங்கள். குழியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாலைத் தண்ணீர் அந்த வழியாகவே மேலே ஏறும். மறுநாள் அதே பவுடர், அதே குழாய். கோடு விழாவிட்டால் அண்டர்கோட் அடித்து, காய்ந்த பிறகு ஸ்டெப்னியைப் போடுங்கள்.